அவர் வீட்டில் கேட்டீர்களா?

"உனக்கு நாள் அதிகமில்லை, சீக்கிரம் போடுகிறவரிடமே கொடுத்துவிடு." அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உன்னிடம் சொல்லாமல் நான் விழுங்கிய வாக்கியம் இது. போன வாரம் கப்பலில் வந்த உன் புத்தகக் கட்டைப் பிரித்தபோது, புதுத்தாளும் பசையும் கலந்த வாசனையில் அதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

அன்று உன் மடியில் இரண்டு பதில்கள் இருந்தன. அடிக்குறிப்புகளை எடுத்துவிட்டு, அட்டையில் கடற்கரைப் படம் போட்டால் உடனே அச்சு என்றிருந்தார் சென்னைப் பதிப்பாளர் ஒருவர். பல்கலைக்கழகப் பதிப்பகமோ உன் பிரதியைப் பெயர் வெளியிடாத ஓர் ஆய்வாளருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தது. இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து வந்து இந்தத் தீவுகளில் ரப்பர் பால் வெட்டிய குடும்பங்களைப் பற்றிய உன் ஆய்வை அவர் மனம் விட்டுப் பாராட்டியிருந்தார். வேலைநிறுத்தத்தில் நின்றவர்களைக் காட்டிக்கொடுத்தவர் கங்காணி என்று நீ எழுதிய இடத்தில் மட்டும் ஒரு கேள்வி: "அவர் வீட்டில் கேட்டீர்களா?"

"எல்லாரும் அதத்தானே சார் சொன்னாங்க?" என்று பதிப்பாசிரியரிடம் போனில் வாதாடினாய்.

"எல்லாரும் ஒருத்தர் சொல்லிக் கேட்டதா இருக்கலாம்மா. எங்க புத்தகத்தக் கொஞ்சம் பேர்தான் வாங்குவாங்க. ஆனா நாளைக்கு எழுதறவங்க இத நம்பித்தான் எழுதுவாங்க."

போனை வைத்துவிட்டுச் சிரித்தாய். "பாத்தியாடி, டாக்டர் படுன்றார், பேரில்லாத மனுசன் எந்திரின்றார். சலோ, ஹேவ்லாக்குக்குக் கப்பல் டிக்கெட் எடு."

ஹேவ்லாக் கப்பல் ஜெட்டியருகே கங்காணியின் மகள் டீக்கடை வைத்திருந்தாள். எதற்கு வந்தோம் என்று தெரிந்ததும் "பால் இல்ல" என்றாள். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. நீ வாதாடவில்லை, எழுந்தும் போகவில்லை. வியர்த்த முகத்தைத் துடைத்துக்கொண்டு பெஞ்சிலேயே இருந்தாய். கடைசியில் அவளே பேசினாள்.

"இத்தன சாலா, இத்தன வருசமா ஒருத்தரும் வந்து கேக்கல. ஸ்ட்ரைக் முடிஞ்ச கையோட எங்களயும்தான் லயத்து வீட்ட விட்டு எறக்கினாங்க. காட்டிக் குடுத்தவனுக்கு இதுதான் இனாமா? சொல்லுங்க."

திரும்பி வந்து, முன்பு பேசியவர்களிடமெல்லாம் மறுபடி கேட்டாய். ஒருவரும் கண்ணால் கண்டிருக்கவில்லை. பழியை எடுத்துவிட்டு, அந்தக் குடும்பத்தை இறக்கிவிட்ட கதையை எழுதினாய். எழுதி முடிக்க உனக்கு நாள் இருந்தது. மெய்ப்புத் தாள்கள் வந்தபோது நீ இல்லை. உன் திருத்தங்களோடு ஒத்துப்பார்த்து நான்தான் அனுப்பினேன்.

அன்று நான் அதைச் சொல்லி நீயும் கேட்டிருந்தால் உன் கையில் ஒரு புத்தகம் இருந்திருக்கும். அதில் ஒரு பொய்யும் இருந்திருக்கும், உன் பெயரோடு. இதை நினைக்கும்போதெல்லாம் மூச்சு இலகுவாகிறது. நான் வேலை பார்க்கும் நூலகத்தில் யாரேனும் வந்து யாரைப் பற்றியாவது அடித்துச் சொன்னால், எனக்குள் அந்தக் கேள்வி எழுகிறது. பெயர் தெரியாத அவருடைய கேள்விதான். எனக்கு அது உன் குரலில்தான் கேட்கிறது.

நேற்று புத்தகத்தோடு ஹேவ்லாக் போனேன். "அந்தப் பொண்ணு வரலயா?" என்றாள் கங்காணியின் மகள். நீ இல்லாததைச் சொன்னேன்.  புத்தகத்தை வாங்கி, அந்தப் பக்கத்தை நின்றபடியே இருமுறை படித்தாள். அதைக் கல்லாவுக்கு மேல் வைத்துவிட்டு, பாலை அடுப்பில் ஏற்றி, எனக்கு டீ போட்டாள்.