அரசி ஏற்றிய பொறியை அணைத்தவள்

மலை மூன்றும் ஆறொன்றும் காத்து நிற்கும் வெண்குன்ற நாடு தழைக்க. அதனை ஆளும் கோப்பெருஞ்சேந்தி தேவியார் நெடிது வாழ்க. தேவியாரின் திருவாய்மொழிப்படி முதலமைச்சர் ஆதன் செழுவனார், கருங்கல் சிறைக்கோட்டத்துத் தலைவரும் அறுபது காவலர்க்கு அதிபரும் அங்குள்ள பூட்டுகள் அனைத்துக்கும் பொறுப்பாளருமான வேட்டன் பெருந்திறலார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் மனையும் மக்களும் நலமே இருக்க. தங்கள் முழங்கால் வலி தணிக.

நாளை தேவியாரின் பிறந்தநாள். விடியல் முரசு அறைந்ததும் ஓலையில் பெயர் கண்ட சிறையாளர் விடுதலை பெறுவர் என்பதும், பெயர் காணாதார் இன்னும் ஓராண்டு காத்திருப்பர் என்பதும் தாங்கள் அறிந்தவை. அப்பெயர்களைத் தேர்ந்து எழுதுபவர் ஓலைநாயகி கொற்றியார். வீட்டிலிருந்தே அப்பணியைச் செய்யும்படி தேவியார் அவர் இல்லம் எழுந்தருளி, தம் கையாலேயே ஒரு கணிப்பொறியை ஏற்றி வைத்தார். அவ்வோலை மாலை முரசு ஓய்ந்து ஒரு நாழிகை கழித்துத் தங்களிடம் வருவதன் காரணத்தைச் சொல்லாவிடில் தாங்கள் அமைச்சரைத்தான் வைவீர்கள். ஆகவே கேட்டருள்க.

இன்று உச்சிப்பொழுதில் கொற்றியார் நாற்பத்தொரு பெயர்களில் முப்பத்தெட்டாவதை எழுதிக்கொண்டிருந்தார். அது குயத்தி மருதியின் பெயர். அதிகாரி ஒருவரின் குடையை உடைத்ததற்காக உள்ளே இருப்பவள். சென்ற ஆண்டுப் பட்டியலில் விடுபட்டுப் போனவள். அப்பெயரின் நடுவே சுட்டியின் அம்பு அசையாது நின்றுவிட்டது. திரையில் ஒரு சிறு வட்டம் சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது. கொற்றியார் விசைகளை ஒவ்வொன்றாகத் தட்டினார், மும்மூன்றாகத் தட்டினார், பின் கை வலிக்கத் தட்டினார். சுட்டியைப் பிடுங்கிச் செருகினார். அவர் கணவர் பொறியின் பின்புறத் துளைகளில் ஊதி, கிளம்பிய தூசியில் தும்மினார். பக்கத்து வீட்டம்மையார் கண்ணேறு பட்டிருக்கும் என்று எலுமிச்சை சுற்றி முச்சந்தியில் எறிந்து வந்தார். வட்டம் சுழன்றது.

கையால் எழுதிவிடலாகாதா என்று தாங்கள் கேட்கலாம். மருதி என்னும் பெயருடையார் தங்கள் கோட்டத்திலேயே மூவர். எவ்வூர் மருதி, எவர் மகள் என்ற விவரம் முழுதும் பொறிக்குள் கிடந்தது. ஒரு சொல் பிசகினால் ஒருத்திக்கு ஓராண்டு.

அரண்மனைப் பொறிவல்லார் மூவர் விரைந்து வந்தனர். முதலாமவர் சற்றே பொறுத்துப் பார்க்கலாம் என்றார். இரண்டாமவர் அதையே வேறு சொற்களில் சொன்னார். மூன்றாமவர் பொறி வந்த நாளைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அணைத்து மீண்டும் ஏற்றினால் சரியாகும் என்பது மூவருக்கும் தெரியும். ஒருவரும் பொத்தானைத் தொடத் துணியவில்லை. அரசர் கையால் ஏற்றியதைக் குடிகள் கையால் அணைத்தல் குற்றம் என்பது நம் பழஞ்சட்டம். முன்னோர் அதை விளக்குக்காக வகுத்தனர். பொறிக்கு விலக்கு உண்டென்று எழுதி வைக்க எவருக்கும் தோன்றவில்லை, இவ்வமைச்சருக்கும் தோன்றவில்லை. இசைவு கோரி மனு அளித்தால் அது தேறி வர ஒன்பது நாள். தேவியாரோ மலைக்கோயிலில் நோன்பிருந்தார்; மாலைக்கு முன் எவரும் காண இயலாது.

மாலை முரசுக்குள் ஓலை அரண்மனை சேர வேண்டும். வெயில் சாயச் சாயக் கொற்றியார்க்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடத்துக்கும் வாயிலுக்குமாக நடந்தார். நீர் மொண்டு வந்தார், குடிக்க மறந்தார். கடைசியாகச் சேமித்தது எப்போது என்று எண்ணி எண்ணிப் பார்த்து, நினைவு வராமல் தம்மையே நொந்துகொண்டார். முடிவில், பொறிவல்லார் மூவரும் தெருவில் போய் நிற்குமாறும், எவர் வினவினும் தாம் ஒன்றும் காணவில்லை என்று விடையளிக்குமாறும் கூறி, கதவைச் சாத்தி, கரிய பொத்தானை அழுத்திப் பிடித்தார். திரை இருண்டது.

மீண்டும் ஏற்றியபோது முப்பத்தொரு பெயர்கள் பிழைத்திருந்தன, ஏழு போயிருந்தன. சிறையாளரின் ஊர், பெற்றோர் விவரங்களுக்குப் பழுதில்லை. போன ஏழையும் எஞ்சிய மூன்றையும் மூச்சுவிடாமல் எழுதி, ஓலையில் அச்சேற்றி, தலை வாராமல் ஓடி வந்தார். முரசறைவோன் கோலை ஓங்கியபோது அவர் அரண்மனை வாயிலில் நின்றார்.

ஓலையில் நாற்பத்திரண்டு பெயர்கள் இருந்தன. கடைசிப் பெயர் கொற்றி. குற்றம், அரசி ஏற்றியதை அணைத்தது.

நோன்பு முடித்து வந்த தேவியார் அதை இருமுறை படித்தார், பின் சிரித்தார். பொறிக்கு விலக்கு நாளையே எழுதப்படும் என்றும், இன்று வரை சட்டம் சட்டமே என்றும், சிறை புகாதவரை விடுதலை செய்ய நம் நாட்டில் வழியில்லை என்றும் அருளினார்.

ஆதலின், இவ்வோலையுடன் வரும் கொற்றியாரை முறைப்படி உள்ளே ஏற்று, பாயும் சூடான சோறும் தருக. பொறி எதையும் உடன் கொண்டுவர விடற்க. விடியல் முரசுக்கு நாற்பத்திருவரையும் விடுக. மும்மலை இலச்சினை இட்டு உறுதி செய்யப்பட்டது.

இலச்சினையின் அரக்கு காயுமுன் தேவியார் கூட்டிச் சொன்னது: கொற்றியார்க்குக் குயத்தி மருதியின் அறையிலேயே இடம் தருக. அவள் பெயர் இவ்வாண்டு ஓலையில் உண்டென்பதைக் காவலர் எவரும் முந்திக்கொண்டு சொல்லற்க. அதைக் கொற்றியாரே சொல்லட்டும்.