கிருமி நுழையாத ரத்தம்

மொன்பெல்லியே,
பிரான்ஸ்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள பப்பாவுக்கு,

ஏமா எழுதுவது. நான் சுகம். உங்களுக்குக் காதுதான் கேட்காது, கண் நன்றாகத்தானே இருக்கிறது. இதை ஒரு எழுத்து விடாமல் படியுங்கள். மம்மாவிடம் வீடியோவில் சொன்னேன். மலேரியா என்ற பேச்சை எடுத்தாலே, கொசுவர்த்தி கொளுத்திக்கொண்டு படு என்கிறார்.

மருந்து வேலை செய்கிறது, பப்பா!

ஆப்பிரிக்காவில், கபோன் முகாமில் உங்களை மூன்று வாரம் படுக்கப் போட்டதே, அதே ஜாதிக் கிருமியைத்தான் இரண்டு வருஷமாகக் குடுவையில் மனித ரத்தம் ஊற்றி வளர்க்கிறேன். சிவப்பணுவுக்குள் நுழைந்தால்தான் அதற்கு வாழ்வு. நுழைவதற்கு அதனிடம் கொக்கி மாதிரி ஒரு புரதம் இருக்கிறது. அந்தக் கொக்கியை மடக்குகிற மருந்தைத் தேடுவதுதான் என் முனைவர் பட்ட வேலை. நாற்பத்தொரு பொருள்கள் பல்லிளித்துவிட்டன. நாற்பத்திரண்டாவதைப் போட்ட குடுவையில் நூறில் தொண்ணூறு கிருமி உள்ளே போக வழியில்லாமல் வெளியிலேயே செத்துக் கிடந்தது. என் பேராசிரியை நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். அவர் யாருக்கும் எழுந்திருக்கிறவர் இல்லை.

அந்த வாரம் ரத்த வங்கியில் வேலைநிறுத்தம், பை வரவில்லை. என் ரத்தத்தையே எடுத்துக் கொடுத்து வேலையை ஓட்டினேன். இதை மம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் செல்ல மகள்,
ஏமா


தலத்தெரு, காரைக்கால்
24 பிப்ரவரி 2025

என் கண்ணு ஏமாவுக்கு,

பப்பா எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், என் காதைத் தவிர.

உன் கடிதத்தை இரண்டு தடவை எனக்காகப் படித்தேன். மூன்றாவது தடவை மம்மாவுக்கு உரக்கப் படித்தேன். எவ்வளவு உரக்க என்று எனக்கு எப்படித் தெரியும்? எதிர்வீட்டு சிங்காரவேலன் வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார். ரத்தம் கொடுத்த விஷயத்தை மம்மாவிடம் மறைக்கச் சொல்லியிருந்த வரியையும் சேர்த்தே படித்திருக்கிறேன். அவள் அழவில்லை. முருங்கைக்கீரை கிடைக்குமா அங்கே என்று கேட்கச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை உன் பெயரில் பூசை வைத்தாள்.

இருபது வருஷம் பிரெஞ்சுப் பீரங்கிப் படையில் இருந்து காதைக் கொடுத்தேனே தவிர, ஒரு எதிரியையும் நான் நேரில் பார்த்ததில்லை. என் மகள் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தெருவில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடக்கிறேன். லீவுக்கு வா. வந்து இந்த ஊர்க்காரர்களுக்கு நீயே விளக்கு. நான் சொன்னதில் பாதி தப்பாக இருக்கும்.

ஆயிரம் முத்தங்களுடன்,
சார்ல் பப்பா


மொன்பெல்லியே,
12 மார்ச் 2025

அன்புள்ள பப்பா,

தெருவில் யாரிடமும் இனி எதுவும் சொல்லாதீர்கள். மருந்து வேலை செய்யவில்லை.

ரத்த வங்கியிலிருந்து புதுப் பை வந்ததும் அதே சோதனையை மறுபடி செய்தேன். மருந்து போட்ட குடுவை, போடாத குடுவை இரண்டிலும் கிருமி கும்மாளம் போடுகிறது. மூன்று தடவை செய்துவிட்டேன். போன மாதம் மருந்து போட்ட குடுவைக்கு ஊற்றியது என் ரத்தம். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாமல் வைத்த குடுவைக்கு ஊற்றியது, பழைய பையில் மிச்சமிருந்த வேறு யாருடையதோ. இப்படி ஒரு தப்பைப் புதிதாக வந்த மாணவர்கள்கூடச் செய்யமாட்டார்கள். கிருமியைத் தடுத்தது மருந்து இல்லை, பப்பா. என் ரத்தம்.

பேராசிரியை திட்டி முடித்த பிறகு, என் ரத்தத்தில் ஒரு துளியைக் கண்ணாடியில் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். இரண்டு தடவை பார்த்தேன். வட்டமாக இருக்கவேண்டிய அணுக்களில் பாதி, முட்டை வடிவம். குறுக்கே ஒரு கோடு வேறு. பயப்படாதீர்கள், நோய் இல்லை. பிறவியிலேயே வருவது. அணுவின் தோல் விறைப்பாக இருப்பதால் கிருமிக்கு நுழைவது கஷ்டம். மலாயா, இந்தோனேசியா கரைகளில் இருப்பவர்களிடம்தான் அதிகமாம். நம் குடும்பத்தில் யார் அந்தப் பக்கம் போனார்கள்?

பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால்தான் பிள்ளைக்கு வரும். நீங்கள் கபோனில் காய்ச்சலில் கிடந்ததைப் பார்த்தால் மம்மாவாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு துளி கொடுத்துப் பார்த்துச் சொல்லுங்கள். குடும்பத்தோடு ஆராய்ந்தால் இதுவே ஒரு அத்தியாயம் ஆகும் என்கிறார் பேராசிரியை. இல்லாவிட்டால் என் இரண்டு வருஷமும் குப்பைக்கூடைக்குத்தான்.

ஏமா


தலத்தெரு,
27 மார்ச் 2025

அன்பு ஏமா,

கடிதம் கிடைத்தது. தப்பு யாருக்கும் வரும், மனதைத் தளரவிடாதே.

ரத்தம் பார்ப்பதெல்லாம் வேண்டாம். இங்கே லேபில் பார்ப்பதை நம்பி நீ என்ன எழுதப்போகிறாய்? என் பெரியப்பா வியட்நாமில், சைகோனில் இருந்தார். அவர் வழியாக வந்திருக்கும், அப்படியே எழுதிக்கொள். மம்மாவிடம் இதைக் கேட்டுத் தொந்தரவு செய்யாதே. வேறு மருந்தைப் பார்.

வெயில் ஆரம்பித்துவிட்டது.

பப்பா


மொன்பெல்லியே,
15 ஏப்ரல் 2025

பப்பா,

உங்கள் கடிதம் வருவதற்குள் நான் மம்மாவிடம் கேட்டுவிட்டேன். போன வாரம் அவரே உங்களையும் இழுத்துக்கொண்டு லேபுக்குப் போயிருக்கிறார். வழியெல்லாம் நீங்கள் முறைத்துக்கொண்டே வந்தீர்களாம். லேபில் இருக்கும் அறிவுச்செல்வன் நுண்ணோக்கியில் போனை வைத்துப் படம் எடுத்து அனுப்பினார். நல்ல தெளிவான படம். மொத்தம் பன்னிரண்டு. நான் எல்லாவற்றையும் பெரிதாக்கி ஒவ்வொரு அணுவாகப் பார்த்தேன்.

உங்களுடையது வட்டம். மம்மாவுடையதும் வட்டம். ஒரு முட்டைகூட இல்லை.

மம்மா சிரித்துக்கொண்டே, "யாருகிட்டேருந்து வந்துச்சு, எங்கிட்டேருந்தா, உங்க பப்பாகிட்டேருந்தா?" என்று கேட்கிறார். இணைப்பு சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். உங்கள் பெரியப்பாவுக்கு இருந்தாலும் உங்களுக்கு இல்லாமல் எனக்கு வராது, பப்பா. நான் தினமும் செய்கிற வேலை இது. நீங்கள் ஏன் வேண்டாம் என்று எழுதினீர்கள்? உங்களுக்கு என்ன தெரியும்?

நான் யார் பெற்ற பிள்ளை?

ஏமா


தலத்தெரு,
2 மே 2025

ஏமா,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியாது. நீ எங்களுக்குப் பிறந்தவள் இல்லை.

2004 டிசம்பரில் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தோம். எங்கள் மகள் ஏமாவுக்கு மூன்று வயது. கிறிஸ்மஸுக்கு மறுநாள் ஞாயிறு. காலைப் பூசை முடிந்து கடற்கரைக்குப் போனோம். கடல் ஊருக்குள் வந்தது. மம்மா கையிலிருந்து பிள்ளை போய்விட்டாள். மூன்று நாள் தேடினோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையாகக் கிடத்தியிருக்கிறது, வந்து பாருங்கள் என்றார்கள். நான் போகவில்லை. மம்மாவையும் போகவிடவில்லை. பட்டாளத்துக்காரன்தான், ஆனாலும் பயந்துவிட்டேன்.

நாலாம் நாள், கரையிலிருந்து மீட்டவர்களைத் தங்கவைத்திருந்த ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனோம். மூலையில் ஒரு பெண்குழந்தை, யாரோ பெரியவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மம்மா ஓடிப்போய் "ஏமா" என்று தூக்கினாள். குழந்தை அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டது. அது நீ. சுற்றி நின்றவர்கள் கடவுளைக் கும்பிட்டு அழுதார்கள். இது எங்கள் பிள்ளை இல்லை என்று சொல்ல வேண்டியவன் நான் ஒருத்தன்தான். சொல்லவில்லை. ஜனவரியில் எங்கள் மகளின் பாஸ்போர்ட்டில் உன்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டோம். அதில் இருந்த படம் அவள் கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்தது. மம்மா அன்றைக்கு உண்மையாகவே நம்பினாளா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

கொஞ்ச நாள் உன் நெஞ்சைத் தொட்டு "எழிலு, எழிலு" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். நாங்கள் ஏமா என்றே கூப்பிட்டோம். பிறகு ஒரு நாள் நிறுத்திவிட்டாய்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நம் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிற மண்டபத்தூர் காசியம்மாவை உனக்குத் தெரியும். நாம் ஊர் திரும்பிய வருஷம், 2014, ஒரு நாள் அவளாகவே பேச்சுவாக்கில் சொன்னாள். அந்த அலையில் புருஷன் போனான், மூன்று வயது மகள் எழில்மதி போனாள் என்று. அவளுடைய தாய் பினாங்கில் ஒரு மலாய்க்காரிக்குப் பிறந்தவளாம். "ஏதோ மண்டபத்துல எம்புள்ள சாடையில ஒண்ணு இருந்துச்சுன்னாங்க ஐயா. நான் காலு ஒடைஞ்சு கெடந்து எந்திரிச்சுப் போறதுக்குள்ள, பெத்தவங்க வந்து தூக்கிட்டுப் போயிட்டாங்களாம்" என்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு கிலோ சங்கரா மீன் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். பதினோரு வருஷமாக வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

உன் காலில் விழுந்து கேட்கிறேன், மகளே. எங்களை விட்டுவிடாதே.

சார்ல்


மொன்பெல்லியே,
17 மே 2025

உங்கள் கடிதத்தை ஆய்வகத்தில் வைத்துப் படித்தேன். அன்றும் மறுநாளும் கிருமிகளுக்குத் தீனி மாற்ற மறந்துபோய் எல்லாக் குடுவைகளும் செத்துப்போயின. ஏன் என்று பேராசிரியை கேட்டார். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

மண்டபத்தில் சொல்லாமல் விட்டதைக்கூட என்னால் புரிந்துகொள்ள முடியும். பதினோரு வருஷம்? வாரா வாரம் அவர் முகத்தைப் பார்த்து "இன்னைக்கு என்ன மீனு" என்று கேட்டீர்களா?

அவரிடம் நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் போய்ச் சொல்ல வேண்டும். மம்மாவையும் கூட்டிக்கொண்டு, அவர் வீட்டுக்குப் போய், அவர் முன்னால் நின்று சொல்ல வேண்டும். அதுவரை எனக்கு எழுதாதீர்கள்.


தலத்தெரு,
3 ஜூன் 2025

மகளே,

நீ சொன்னபடி செய்துவிட்டேன்.

முதலில் மம்மாவிடம் சொன்னேன். அவள் கொஞ்சம் கேட்கிற என் இடது காதுப் பக்கம் வந்து, "குளிப்பாட்டுன அன்னிக்கே தெரியும்" என்றாள். பிறகு ஏன் ரத்தம் பார்க்க என்னை இழுத்துக்கொண்டு போனாய் என்று கேட்டேன். "இருபது வருஷம் என் கையால சாப்பிட்ட ரத்தமாச்சே, என்னுது மாதிரி ஆயிருக்கும்னு நெனச்சேன்" என்றாள்.

ஆட்டோவில் மண்டபத்தூர் போனோம். அந்தம்மா வாசலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். மண்டபம், பாஸ்போர்ட், சங்கரா மீன், எல்லாம். கத்துவார், அடிப்பார் என்று நினைத்துப் போனேன். அவர் முதலில் கேட்டது, "உங்க புள்ள என்னாச்சு?"

கிடைக்கவில்லை என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கவில்லை என்றும் சொன்னேன்.

கையிலிருந்த கருவாட்டைக் கீழே வைத்தார். பிறகு மம்மாவிடம், "வெள்ளைக் கவுனா? கழுத்துல லேசுப் பின்னல், முதுகுல மூணு முத்துப் பொத்தானா?" என்றார்.

மம்மா மணலில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பொத்தான்களைத் தைத்தவள் அவள்தான்.

"கால்ல கட்டுப் போட்டு அந்த ஆஸ்பத்திரியிலதான் கெடந்தேன். பக்கத்து வராந்தாவுல அது கெடந்துச்சு. மூஞ்சி தெரியல. எம்புள்ள இல்லன்னு எனக்குத் தெரியும், எங்க புள்ளைக்கு ஏது லேசு வச்ச கவுனு? மறுநாளு எல்லாரையும் ஒரே குழியில போடப்போறாங்கன்னாங்க. கேக்க ஆளில்லாம ஒரு புள்ள போவுதேன்னு, என்னுதுன்னு சொல்லி வாங்கிட்டேன். எங்க கொழுந்தன் தூக்கிட்டு வந்து இங்கதான் தனியா வச்சாரு. வருஷா வருஷம் பாலு ஊத்துறேன்."

மம்மாவைக் கைகொடுத்து எழுப்பி, பிள்ளையைப் புதைத்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன். திரும்பிப் பார்த்து, "நீங்க அங்கயே நில்லுங்க" என்றார். நின்றேன். வெயில் சாயும்வரை நின்றேன்.

திரும்பி வரும்போது கேட்டார். "போன லீவுல, நான் மீனு அலசி முடிச்சதும் எங்கையில தண்ணி ஊத்துச்சே ஒரு பொண்ணு, அதா? நேரா மூஞ்சியப் பாத்தேனே. பெத்தவ, எனக்கே தெரியலையே." அப்போதுதான் அழுதார்.

நடந்தது இவ்வளவுதான்.

சார்ல்


மொன்பெல்லியே,
18 ஜூன் 2025

பப்பாவுக்கு,

ஜூலை 4 சென்னையில் இறங்குகிறேன். யாரும் வர வேண்டாம். நேராக மண்டபத்தூருக்குப் போகிறேன். மம்மா அங்கே வந்தால் கட்டிக்கொள்வேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உங்களைப் பார்க்க இன்னும் மனம் வரவில்லை. எப்போது வரும் என்று கேட்காதீர்கள்.

பேராசிரியையிடம் குடும்ப ரத்தம் கிடைக்காது என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாவிடம் ஒரு துளிகூடக் கேட்கமாட்டேன். திரும்பி வந்து நாற்பத்து மூன்றாவது பொருளிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் வருவதற்குள் அந்தக் கல்லறையில் ஒரு பலகை வையுங்கள். ஏமா என்று எழுதுங்கள், பிறந்த தேதியோடு. தேதி எனக்கு நன்றாகத் தெரியும். இருபது வருஷம் நான்தான் கேக் வெட்டினேன்.

டிக்கெட்டும் அவள் பெயரில்தான் எடுத்திருக்கிறேன். என்னைப் பெற்றவளிடம் போவதற்கும் உங்கள் மகளுடைய பாஸ்போர்ட்டைத்தான் நீட்ட வேண்டியிருக்கிறது. என்னிடம் வேறு இல்லை.