தலைவி உட்காரும் இடம்

கடித எண்: 63
ஹுணசிமட்டி
2019 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை
காலை மணி 6.40

பொருள்: ஆசிரியை கஸ்தூரி பஜந்த்ரியின் பணி இடைநீக்கம்

சிரஞ்சீவி சங்கரய்யாவுக்குத் தந்தை குருபாதய்யா ஹிரேமட் ஆசி கூறி எழுதுவது.

இங்கு நானும் உன் தாயும் நலம். அக்டோபர் மாத மழையில் பருத்தி நனைந்து கறுத்துவிட்டது. உன் தாயின் முழங்கால் வலி முன்போலவே இருக்கிறது. நலச்செய்தி இவ்வளவே. இனி எழுதப்போவதை உன் மேசை முன் உட்கார்ந்து, அலுவலகக் காகிதமாகவே கருதிப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நம் ஊர்ப் பள்ளி ஆசிரியை கஸ்தூரியைப் பணியிலிருந்து இடைநீக்கம் செய்து நவம்பர் 25 தேதியிட்ட உத்தரவு வந்திருக்கிறது. மாவட்டக் கல்வி அதிகாரி என்ற இடத்தில் இருப்பது உன் கையெழுத்து. "மாணவர்களை அரசியலில் தூண்டிவிட்டு, நவம்பர் 15 அன்று நடந்த குழந்தைகள் கிராம சபையில் அமைதியைக் குலைத்தார்" என்பது குற்றச்சாட்டு. நவம்பர் 15 கனகதாசர் ஜயந்தி. அரசு விடுமுறை. அன்று ஊராட்சி அலுவலகத்தின் கதவே திறக்கப்படவில்லை. சபை நடந்தது 14, வியாழக்கிழமை. தேதியைக்கூடச் சரிபார்க்காத ஒருவர் எழுதித் தந்ததில், ஒரு பெண்ணின் பிழைப்பைப் பறிக்கும் காகிதத்தில், நீ கையெழுத்திட்டிருக்கிறாய்.

நம் ஊராட்சித் தலைவி துர்கவ்வா மாதர் என்பதை நீ அறிவாய். பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதியில் நின்று, முறையாக வாக்குப் பெற்று வந்தவர். ஆனால் அலுவலகத்தில் அவர் பெயர்ப்பலகைக்குக் கீழே உள்ள நாற்காலியில் துணைத்தலைவர் சென்னவீரகௌடா உட்காருவார். துர்கவ்வா வாசலருகே, செருப்புகளுக்குப் பக்கத்தில், தரையில் உட்காருவார். காகிதம் அங்கே வரும், அவர் கைநாட்டு வைப்பார், காகிதம் திரும்பிப் போகும். ஊரில் எவருக்கும் இது உறுத்தவில்லை.

ஆகஸ்டு மாதம் ஏழாம் வகுப்பில் ஊராட்சிப் பாடம் வந்தது. கஸ்தூரி பிள்ளைகளையே சபை நடத்திப் பார்க்கச் சொன்னார். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் தலைவி வேடம் மெஹரூன் நதாப் என்ற சிறுமிக்கு விழுந்தது. மெத்தை தைக்கும் ஹுசேன்சாபின் மகள். அவள் சீட்டைப் பிரித்துப் பார்த்ததும் எழுந்து போய் வகுப்பறை வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்துகொண்டாள். "அங்க ஏன்டி போய் உக்காந்த?" என்று கஸ்தூரி கேட்க, "தலைவரு இங்கதானே அக்கா உக்காருவாங்க?" என்றாளாம். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது சரியாகவே பட்டிருக்கிறது.

கஸ்தூரி செய்த குற்றம் இதற்குப் பின் தொடங்குகிறது. பாடநூலைத் திறந்து, சபைக்குத் தலைமை தாங்குபவர் யார் என்ற பகுதியை மூன்று முறை உரக்கப் படிக்கவைத்தார். வேறொன்றும் செய்யவில்லை.

நவம்பர் 14 அன்று நானும் சபைக்குப் போயிருந்தேன். பத்து மணிக் கூட்டத்தைப் பதினொன்றே காலுக்குத் தொடங்குவதைக் கண்டிக்க நான் எல்லாச் சபைக்கும் போவது உனக்குத் தெரியும். பள்ளிக் கழிப்பறைக்குக் கதவு இல்லை என்பதைக் கேட்க மெஹரூன் எழுந்தாள். மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கௌடா நாற்காலியில் சாய்ந்தபடி, "கேளும்மா, பயப்படாத" என்றார்.

"என் கேள்வி தலைவருக்குங்க. நீங்க துணைத்தலைவரு."

"ரெண்டும் ஒண்ணுதான் தாயி. கேளு."

"ஒண்ணுதான்னா அவங்க இங்க வந்து உக்காரட்டும், நீங்க அங்க போய் உக்காருங்க."

பின்வரிசைப் பெண்களில் யாரோ, "குட்டி கேக்குறது சரிதானே கௌடரே, எடம் ரெண்டும் ஒண்ணுதானே?" என்றாள். சிரிப்பு கிளம்பியது. துர்கவ்வா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "வேணாம்டி மகளே, எனக்கு இங்கயே சரியா இருக்கு, நீ கேட்டுட்டுப் போ" என்று கெஞ்சினார். மெஹரூன் போகவில்லை. மைக்கை மேசைமேல் வைத்துவிட்டுத் துர்கவ்வாவின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராகப் போய் உட்கார்ந்தார்கள். முழக்கம் இல்லை, கூச்சல் இல்லை. கௌடா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். கஸ்தூரி சுவரோரம் நின்றிருந்தார். தொடக்கம் முதல் முடிவு வரை வாயைத் திறக்கவில்லை. இதைத்தான் உன் உத்தரவு அமைதிக் குலைவு என்கிறது.

பிறகு துர்கவ்வா எழுந்து வந்து அந்த நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். கழிப்பறைக் கதவுக்கு நாள் குறித்துச் சொன்னார்.

27ஆம் தேதி நான் தொலைபேசியில் கேட்டபோது, "ஊர் அமைதி முக்கியம் அப்பா, இதுல நீங்க தலையிடாதீங்க" என்றாய். எந்த அமைதி? செருப்புப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால்தான் நிலைக்கிற அமைதியா? அதைக் காக்கவா அரசு உனக்குச் சம்பளம் தருகிறது? மக்களாட்சி என்று பாடம் அச்சிட்டுத் தருவதும் உன் இலாகா. அதைப் பிள்ளைகள் நம்பிவிட்டால் தண்டிப்பதும் உன் இலாகா. தேர்வில் எழுதினால் மதிப்பெண், ஊரில் சொன்னால் குற்றம் என்றால், அதையும் பாடத்தின் கீழே அச்சிட்டுவிடுங்கள். பிள்ளைகள் ஏமாறாமல் இருப்பார்கள்.

உன் உத்தரவின் நகலைப் பால் சங்கச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். நேற்றுப் பால் வாங்கப் போனபோது கௌடாவின் மைத்துனன், "வாங்க ஐயா, உங்க மகன் கையெழுத்து முத்து முத்தா இருக்கு, நீங்க போட்டுக் குடுத்த பழக்கமா?" என்றான். நான் பால் வாங்காமல் திரும்பினேன்.

மாலையில் கஸ்தூரியின் வீட்டுக்குப் போனேன். இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு தனியாக இருக்கும் பெண். வாடகை வீட்டின் உரிமையாளர் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டாராம். ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை. "ஐயா, நீங்க அந்த அதிகாரியோட அப்பான்னு தெரியும். இரக்கம் எனக்கு வேணாம். நான் சொல்லிக்குடுத்ததுல எந்த வரி தப்புன்னு உங்க மகனைக் காட்டச் சொல்லுங்க. புத்தகம் அவரு இலாகா போட்டதுதான்" என்றார். அந்த வரி எது என்று உனக்குத் தெரிந்தால் எழுது.

டிசம்பர் 9, திங்கட்கிழமை, விசாரணை என்று அறிகிறேன். விசாரிப்பவனும் நீயே. அவர் தரப்புச் சாட்சியாக நான் வருகிறேன், காலை 5.30 பேருந்தில் புறப்படுவேன். உன் வீட்டுக்கு வரமாட்டேன். விசாரிக்கும் அதிகாரியின் வீட்டில் சாட்சி உண்பது முறையன்று. மருமகளிடம் இதைச் சொல்லிவிடு. அவள் வேறு விதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கூடத்தில் நீ என்னை அப்பா என்று அழைக்க வேண்டியதில்லை. பெயர், வயது, ஊர் கேள், சொல்கிறேன்.

அதற்கு முன்பே நீ உத்தரவைத் திரும்பப் பெற்றால் எனக்குப் பேருந்து ஏறும் வேலை இருக்காது. வயது எழுபத்தெட்டு ஆகிறது சங்கரா. மகனுக்கு எதிரே நின்று சத்தியம் செய்யும் நாளை எனக்குத் தராதே.

கையெழுத்திடும் முன் காகிதத்தை முழுவதும் படிக்கும் பொறுமையையும், படித்தபின் நேர்மையாக நடக்கும் துணிவையும் சிவன் உனக்குத் தரட்டும்.

இங்ஙனம்,
குருபாதய்யா ஹிரேமட்
(ஓய்வு பெற்ற தாலுகா அலுவலக ஆவணக் காப்பாளர்)

இணைப்பு:
1. என் சாட்சியம், இரண்டு பக்கங்கள், தேதியிட்டது.
2. ஏழாம் வகுப்பு நூலின் ஊராட்சிப் பாடம், நகல். நான் எங்கும் கோடிடவில்லை.
3. தலைவி துர்கவ்வா மாதரின் வாக்குமூலம். கீழே இருப்பது கைநாட்டு அன்று, கையெழுத்து, கவனிக்கவும்.
4. வேர்க்கடலைச் சட்னிப்பொடி, கால் கிலோ. இது வழக்கைச் சேர்ந்ததன்று. வேண்டாமென்று சொல்லியும் உன் தாய் வைத்துவிட்டாள்.