டிக்கியை மூடினால்

மார்ச் 4, செவ்வாய்

சித்தப்பாவின் கார் ஸ்பீக்கர் கடையில் நான் தனியாகச் செய்த முதல் சப்வூஃபர் பெட்டி, பேஸ் தும் தும்மென்று அடிக்கிற பெட்டி, இன்று ஒரு டாக்சிக்காரரின் வண்டியில் ஏறியது. பலகை அறுத்தது, ஒட்டியது, இண்டு இடுக்கில் சிலிகான் பூசியது எல்லாம் நான். ஒயர் இணைப்புக் கொடுத்தது மட்டும் சித்தப்பா. கடை வழக்கப்படி டிக்கியைத் திறந்துவைத்துப் பாட்டுப் போட்டார். எதிர்க்கடை ஷட்டர் அதிர்ந்தது.

"யப்பா, நெஞ்சுல குத்துதுண்ணே!" என்றார் டாக்சிக்காரர்.

யார் செய்தது என்று கேட்டுவிடுவாரோ என்று உள்ளே ஓடிவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

வண்டி திரும்பி வந்துவிட்டது. "ஓட்டும்போது பேஸே இல்லண்ணே. தகர டப்பாவத் தட்டுற மாதிரி இருக்கு."

சித்தப்பா டிக்கியைத் திறந்து போட்டுக் காட்டினார். நன்றாகத்தான் அடித்தது. "காதுல பஞ்சு வச்சிருக்கீங்களா?" என்று சிரித்து அனுப்பினார். அவர் போனதும் சிரிப்பும் போய்விட்டது.

மார்ச் 8, சனி

சாப்பிடும்போது சித்தி ஆரம்பித்தாள். "படிப்பையும் பாதியில விட்டாச்சு. என்கூட தையலுக்காவது வரட்டும். ஆளப் பாத்தா வாயே தொறக்காதவளுக்குக் கடை எதுக்கு?"

"அந்த வண்டி இன்னொரு தடவ திரும்பி வந்தா கூட்டிட்டுப் போ" என்றார் சித்தப்பா.

வரக் கூடாது. வரவே கூடாது.

மார்ச் 10, திங்கள்

வரவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

வந்துவிட்டது.

டாக்சிக்காரர் கத்திக்கொண்டே இறங்கினார். எங்கே ஒளிவது? அவரும் சித்தப்பாவும் டிக்கிப் பக்கம் போனதும், துடைக்கிற சாக்கில் ஓட்டுநர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. டாக்சிக்காரர் கோபத்தில் டிக்கியை டமாலென்று மூடினார்.

உள்ளே பேஸ் செத்துப்போயிற்று.

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. முன்கதவு ஸ்பீக்கர்களின் சத்தத்தைக் குறைத்தேன் — பேஸ் எழுந்தது. கூட்டினேன் — அமுங்கியது. அப்படியென்றால் இவை காற்றை முன்னால் தள்ளும்போது சப்வூஃபர் பின்னால் இழுக்கிறது; ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. பெட்டியில் குற்றமில்லை. பிளஸ், மைனஸ் இரண்டு ஒயரும் இடம் மாறியிருக்கின்றன. சித்தப்பா கொடுத்த ஒயர்.

வெளியே சித்தப்பா குரல்: "பொட்டி கோளாறு. சின்னப் புள்ள கைவேல. அறுத்துப் போட்டுட்டு வேற அடிச்சுத் தர்றேன்."

கூப்பிட வாய் வரவில்லை. ஹாரனை அழுத்தினேன்.

"யாரு உள்ள?"

இறங்கினேன். "சித்தப்பா... நீங்க இங்க உக்காருங்க." என் குரலா அது?

உட்கார்ந்தார். கதவைச் சாத்தினேன். முகம் மாறியது.

"பொட்டி இல்ல சித்தப்பா. ஒயர மாத்திக் குடுத்துப் பாருங்க."

டாக்சிக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டேன். சித்தப்பா போய் மாற்றினார். டாக்சிக்காரர் உள்ளே உட்கார்ந்து கேட்டார். "இதத்தாண்ணே கேட்டேன்!"

சித்தப்பா என் பக்கம் திரும்பவேயில்லை. மானத்த வாங்கிட்டேனா? பேசாம என் பொட்டிய அறுக்க விட்டிருக்கணுமா?

மார்ச் 12, புதன்

சித்தி இன்னொரு தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறாள்.

மார்ச் 14, வெள்ளி

காலையில் புது வண்டி ஒன்று வந்தது. சித்தப்பா அளவு டேப்பை என் பக்கம் நீட்டினார். "டிக்கி அளவு எடு."

எடுத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒயரும் நீயே குடு. நான் முன்னாடி உக்காந்து கேக்குறேன்."