அப்பாவை நீக்கிய கடிதம்

ஐயா,

நேற்றுக் காலை கணபதி பஸ் ஸ்டாப் சுவரில் உங்கள் முகத்தைப் பார்த்தேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் பசை இன்னும் காய்ந்திருக்கவில்லை. வெள்ளை அங்கி, ஒரு பக்கம் சாய்ந்த தலை, எல்லோரையும் மன்னித்துவிட்டது போன்ற அந்தச் சிரிப்பு. படத்துக்குக் கீழே ‘ஏழைகளின் மேய்ப்பர்’ என்று போட்டிருந்தார்கள். பக்கத்தில் பூக்கூடையோடு நின்றிருந்த அம்மா, “தெரிஞ்சவிங்களா அம்மணி?” என்று கேட்டார்.

“இவருகிட்ட வேலை செஞ்சேனுங்க.”

“நல்ல மனுசராட்டம் இருக்குது” என்றார்.

காந்திபுரம் பஸ் வந்து நின்று போனது. நான் ஏறவில்லை. உங்களிடம் பேச எனக்கு இருபத்தைந்து வருடம் இருந்தது, பேசவில்லை. இப்போது நீங்கள் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் சபைக்குப் போதகராக வந்தீர்கள். முதல் பிரசங்கத்திலேயே எங்களைப் பிடித்துவிட்டீர்கள். லேத் பட்டறையில் ஆறு நாள் நின்றுவிட்டு நகக்கண்ணில் கிரீஸோடு வந்து உட்காரும் ஆட்கள், உங்கள் குரல் தாழும்போது மூக்கை உறிஞ்சுவார்கள். ஒரு முறை கேட்ட பெயரை நீங்கள் மறந்ததில்லை. வயதில் பெரியவர் யாரிடமும் மரியாதை குறைந்து பேசியதில்லை. திட்டும்போதுகூட ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவீர்கள். எனக்கு வேலை கொடுத்ததும் நீங்கள்தான். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு வீட்டில் இருந்தேன். “உபதேசியார் மக சும்மா இருக்கலாமுங்களா? ஆபீசுக்கு அனுப்பிவைங்க” என்று அப்பாவிடம் சொன்னீர்கள். அப்பா உங்கள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நானும் அருகில் நின்று அழுதேன். இதையெல்லாம் மறைக்க மாட்டேன். உங்களை நாங்கள் விரும்பித்தான் தலையில் தூக்கி வைத்தோம்.

அப்பா காரமடைக்கு அப்பால் ஒரு கிராமத்தில் உபதேசியார். பாக்குத் தோப்பிலும் வாழைத் தோட்டத்திலும் கூலிக்குப் போகிற முப்பது குடும்பங்கள்தான் சபை. அவர்களுக்கு ஜெபம் நடத்துவார், நோயாளியைப் பார்ப்பார், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். ஞானஸ்நானமும் திருவிருந்தும் மட்டும் போதகர் கையால்தான். அதற்காக நீங்கள் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணபதியிலிருந்து காரில் போவீர்கள். நான் கணபதியில் அத்தை வீட்டில் தங்கி உங்கள் ஆபீசுக்கு வந்துகொண்டிருந்தேன்.

உங்களை வெளியே பார்த்தவர்களுக்குத் தெரியாத சில விஷயங்கள் டைப்பிஸ்ட்டுக்குத் தெரியும். யாராவது உதவி கேட்டு வந்தால் மேசைக்கு முன்னால் நிற்க விட்டு, ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு வாசிப்பீர்கள். பக்கத்தில் நாற்காலி காலியாகத்தான் இருக்கும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பிறகு நிமிர்ந்து, “அடடா, நின்னுட்டேவா இருக்கறீங்க?” என்பீர்கள். நீங்கள் வாசித்தது போன வாரத்து அறிவிப்புத் தாள். நான் அடித்துக் கொடுத்ததுதான். எனக்கு அதை அடையாளம் தெரியாதா? கேட்டு வந்தவருக்கு நீங்கள் பெரும்பாலும் கேட்டதைச் செய்துகொடுத்தீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கேட்டவர்களிடம் நீங்கள் தாராளமானவர். கேட்காமல் ஒருவர் ஒன்றைச் செய்துவிட்டால்தான் உங்களுக்குப் பொறுக்காது.

வருடாவருடம் பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல், பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவீர்கள். ஒரு வருடம் அந்தப் பன்னிரண்டில் அப்பாவும் இருந்தார். முந்தின நாள் என்னை அழைத்து, “உங்கப்பாவைக் காலை நல்லாத் தேய்ச்சுக் கழுவிட்டு வரச் சொல்லு அம்மணி, போட்டோ எடுக்கறாங்க” என்றீர்கள். அப்பா அரை மணி நேரம் அத்தை வீட்டுக் கல்லில் குதிகாலைத் தேய்த்தார். வெடிப்பில் ரத்தம் வந்தது. நாங்கள் இருவரும் அன்று சிரித்தோம். அதில் சிரிக்க என்ன இருந்தது என்று இப்போது புரியவில்லை.

ரங்கம்மா உங்களுக்கு ஞாபகம் இருக்க நியாயம் இல்லை. அப்பாவின் ஊரில் வாழைத் தோட்ட வேலைக்குப் போன கிழவி. எத்தனையோ வருடம் ஜெபக்கூட்டத்தில் கடைசியில் உட்கார்ந்துவிட்டுப் போவார். வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை ஞானஸ்நானத்துக்கு விடவில்லை. அவர் இறந்த பிறகு ரங்கம்மா வந்து கேட்டார். முதல் முறை உங்களுக்கு வெளியூரில் கன்வென்ஷன் கூட்டம். இரண்டாம் முறை கார் பழுது. மூன்றாம் முறை போனீர்கள். விசுவாசப் பிரமாணத்தை ஒப்பிக்கச் சொன்னீர்கள். பல் இல்லாத வாய். பாதியில் திக்கி, முதலிலிருந்து தொடங்கி, மறுபடியும் அதே இடத்தில் நின்றார். நீங்கள் சிரித்துக்கொண்டே, “அடுத்த தடவை பார்க்கலாமுங்க, நல்லாப் படிச்சு வைங்க” என்றீர்கள். எழுத்துத் தெரியாதவரிடம் சொன்னீர்கள். கூட்டமும் உங்களோடு சிரித்தது என்று அப்பா சொன்னார்.

அந்த மழைக்காலத்தில் ரங்கம்மா படுத்துவிட்டார். ஒரு வியாழக்கிழமை காலை அப்பா சைக்கிளில் காரமடை வந்து எஸ்டிடி பூத்திலிருந்து ஆபீசுக்குப் போன் செய்தார். எடுத்தது நான். “மூச்சு இழுக்குது கண்ணு. ஞானஸ்நானம் ஞானஸ்நானம்னு அதையே கேட்டுட்டிருக்குது. ஐயாவை எப்படியாவது வரச் சொல்லு.” கமிட்டி செயலாளரின் புது வீட்டில் அன்று உங்களுக்கு விருந்து. நடந்தே வந்து சொன்னேன். வாசல் வரை வந்து கேட்டீர்கள். கையில் வெற்றிலை. “எத்தனை வருசமா இருந்த உசுரு, ஒரு நாள்ல போயிடுமுங்களா? நாளைக்குக் காலையில போலாம்.”

அப்பாவுக்குத் திரும்பச் சொல்ல வழியில்லை. சாயங்காலம் வரை ரோட்டைப் பார்த்துவிட்டு, சொம்பில் தண்ணீர் மொண்டு, அவரே ரங்கம்மாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். மறுநாள் விடிவதற்குள் அந்த அம்மா போய்விட்டார். நீங்கள் பதினோரு மணிக்குப் போய் இறங்கியபோது பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆபத்து நேரத்தில் சபையார் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், பிறகு போதகர் அதை ஏற்றுக்கொள்வார் என்று உபதேசியார்களின் வகுப்பில் சொன்னவர் நீங்கள். அந்தப் பாடக் குறிப்பையும் நான்தான் ஸ்டென்சில் வெட்டினேன். அப்பா அதை அடிக்கோடிட்டு வைத்திருந்தார். ஆனால் நீங்கள் வராத இடத்தில் ஒரு உபதேசியார் போதுமாக இருந்தார் என்பதை ஊரே பார்த்துவிட்டது. அதுதான் உங்களுக்குத் தாங்கவில்லை.

திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னீர்கள். முக்கியமான கடிதங்களைக் கையால் எழுதுவது உங்கள் வழக்கம். அழகான கையெழுத்து என்று எல்லோரும் சொல்வார்கள். அன்று மட்டும், “டைப் அடிச்சிரலாம் அம்மணி” என்றீர்கள். அப்பாவின் பெயரைச் சொன்னதும் என் விரல் நின்றுவிட்டது.

“ஐயா, இதை வேற யாராச்சும் அடிக்கட்டுமுங்களா?”

“ஏன்? டைப்பிஸ்ட் நீதானே?”

குரலில் கோபமே இல்லை. ஜன்னல் பக்கம் போய் நின்று சொல்லிக்கொண்டே போனீர்கள். தனக்கு இல்லாத அதிகாரத்தைக் கையிலெடுத்தார். சபை ஒழுங்கைக் குலைத்தார். விசாரணை முடியும்வரை பணியிலிருந்து விலக்கப்படுகிறார். ஞாயிறு ஆராதனையில் சபை முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும். “‘கீழ்ப்படியாமை’ன்னு போட்டயா? அதுக்கு முன்னாடி ‘திட்டமிட்ட’ன்னு சேர்த்துக்கோ.” சேர்த்தேன். நடுவில் இரண்டு முறை திரும்பி என் முகத்தைப் பார்த்தீர்கள். எதைத் தேடினீர்கள் ஐயா? நான் அழுவேன் என்றா, எழுந்து போவேன் என்றா? நான் இரண்டும் செய்யவில்லை. மூன்று பிரதி எடுத்துக் கையெழுத்துக்கு வைத்தேன். ரங்கம்மாவின் பெயரை ஞானஸ்நானப் பதிவேட்டில் ஏற்றக் கூடாது என்று கடைசியாகச் சொன்னீர்கள். அதற்கும் தலையாட்டினேன்.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். கடிதம் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எனக்கு எதிரிலேயே இன்னொரு முறை வாசித்தார். மடித்தார்.

“ஒரு எழுத்துப் பிழை இல்ல கண்ணு. சுத்தமா அடிச்சிருக்கிற.”

குத்திக்காட்டத் தெரிந்தவர் இல்லை அப்பா. நிஜமாகவே பாராட்டினார். அந்த வார்த்தைக்குப் பதில் அவர் என்னை அறைந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை கணபதியில் நம் சபையின் ஆலயம் நிரம்பியிருந்தது. பிரசங்கம் முடிந்ததும் அப்பாவை முன்னால் அழைத்தீர்கள். வெளுத்த வேட்டியில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “ஐயா உத்தரவில்லாம நான் பண்ணுனது தப்புங்க. சபை மன்னிக்கோணும்” என்றார். நீங்கள் தலையசைத்தீர்கள். அதோடு முடித்திருக்கலாம். அவர் முடிக்கவில்லை. “ஆனா அந்த அம்மா மறுபடி கேட்டா மறுபடியும் குடுப்பேனுங்க. பொய் சொல்லக் கூடாதில்லீங்க.”

நீங்கள் சிரித்தீர்கள். பாடகர் குழுவைப் பார்த்துக் கையை உயர்த்தினீர்கள். பாட்டு தொடங்கியது.

பிறகு திருவிருந்து. அப்பா போய் முழங்கால் போட்டார். அவருக்குப் பக்கத்தில் நான். இடது பக்கமிருந்து ஒவ்வொருவருக்கும் அப்பம் கொடுத்துக்கொண்டே வந்தீர்கள். அப்பா இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து நீட்டியிருந்தார். உங்கள் அங்கியின் விளிம்பு அந்தக் கைகளை உரசிக்கொண்டு போனது. அவரைத் தாண்டி எனக்கு முன்னால் நின்றீர்கள். என் கையில் அப்பத்தை வைத்தீர்கள். அப்பாவின் கை கொஞ்ச நேரம் அப்படியே நீட்டியபடி இருந்தது. ஒருவேளை மறந்துவிட்டீர்கள், திரும்பி வருவீர்கள் என்று நினைத்திருப்பார்.

நான் சாப்பிட்டேன், ஐயா. அதை அவர் பார்த்தார்.

அப்பாவை முழுவதுமாக நீக்கினீர்கள். மேட்டுப்பாளையத்தில் ஒரு உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டைகளுக்குக் குறி போடும் வேலைக்குப் போனார். ஊர்க்காரர்கள் சந்தைக்கு வரும்போது மண்டி வாசலில் அவரைப் பார்த்து, பிள்ளைக்குக் காய்ச்சல், ஒரு ஜெபம் பண்ணுங்க என்பார்கள். மூட்டைகளுக்கு நடுவில் நின்று பண்ணுவார். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துப் பேசியதில்லை. எனக்கு அதுவே எரிச்சலாக இருந்தது. நான் உங்கள் ஆபீசில் மேலும் எட்டு மாதம் வேலை பார்த்தேன். பதிவேடு என் மேசையில்தான் இருந்தது, பேனாவும் இருந்தது. ரங்கம்மாவின் பெயரை எழுதவில்லை. கல்யாணமாகித்தான் அந்த வேலையை விட்டேன். துணிச்சலால் விட்டேன் என்று பிற்பாடு சிலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய்.

நீங்கள் உயர்ந்துகொண்டே போனீர்கள். பெரிய சபை, பெரிய பொறுப்பு, வெளிநாட்டுப் பயணம். அப்பா போய்ச் சேர்ந்தபோது உங்களுக்குச் செய்தி வந்ததா என்றுகூடத் தெரியாது.

நாலு வருடம் முன்பு, பக்கவாதம் வந்து நீங்கள் மகள் வீட்டில் இருப்பதாகச் சொல்லி, சபை அம்மாக்கள் இரண்டு பேர் என்னையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். எதற்காக வந்தேன் என்று எனக்கே தெளிவில்லை. உங்கள் நிலைமையைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. வலது கை மடியில் கிடந்தது. குரல் குழறியது. மற்றவர்கள் உங்கள் மகளோடு உள்ளே போனதும் என்னை உற்றுப் பார்த்தீர்கள்.

“உபதேசியார் மக.”

“ஆமாங்க.”

“அப்பா... நல்லா இருக்காரா?”

“செத்துப்போயிட்டாருங்க. ஆறு வருசமாச்சு.”

கண்ணை மூடிக்கொண்டீர்கள். நீங்கள் மன்னிப்புக் கேட்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. இடது கையை மெல்ல என் பக்கம் நகர்த்தி, “எனக்கு... ஒரு ஜெபம் பண்ணும்மா” என்றீர்கள்.

பதில் என்னிடம் தயாராக இருந்தது. எத்தனை வருடமாகத் தயாராக இருந்ததோ.

“அதுக்கு எனக்கு அதிகாரம் இல்லீங்க ஐயா.”

மரியாதையாகத்தான் சொன்னேன். உங்கள் வாய் ஏதோ சொல்ல முயன்று கோணியது. கண்ணில் நீர் கட்டியது. நான் அதைத் துடைக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. அது வழிந்து தாடைவரை போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அது இனித்தது ஐயா. வீடு வரும்வரை இனித்தது.

உங்களை நான் மன்னிக்கவில்லை. இதை எழுதி முடிக்கும்போதும் மன்னிக்கவில்லை. ஆனால் அந்த அறையில் அப்பா இருந்திருந்தால் நீங்கள் கேட்பதற்கு முன்பே முழங்கால் போட்டிருப்பார். நான் அவருடைய மகள். அவரோடு இருபது வருடம் இருந்தேன். உங்களோடு இருந்தது நான்கு வருடம்தான். அன்று அங்கே நின்றபோது எனக்குள் இருந்தது அவர் இல்லை.