எண்பத்தொன்பது மில்லிமீட்டர்

தோர்னியோ, பின்லாந்து
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் எடுக்கிற நேரமெல்லாம் அம்மாதான் தொலைபேசியைத் தூக்கி, "அப்பா குளிக்கிறார் பிள்ளை" என்கிறார். மூன்று கிழமையாகக் குளிக்கிறீர்கள். சார்செலில் தண்ணீர் தீர்ந்துவிடப் போகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துத் தமிழ்தான், பிழை இருந்தால் திருத்தி அனுப்புங்கள். அனுப்பினாலே போதும்.

அன்று சாப்பாட்டு மேசையில் என்னை முழுதாகச் சொல்ல விடவில்லை. இப்போது சொல்கிறேன். பின்லாந்தும் சுவீடனும் நேட்டோவில் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். முன்பு பின்லாந்துக்காரர் ஒரு சண்டை வந்தால் தனியாகவே நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். இப்போது உதவி வரும். நோர்வேயின் துறைமுகத்தில் இறங்கி, சுவீடன் வழியாக ரயிலில் வரும். ஆனால் அந்த ரயில் இந்த ஊருக்கு வந்ததும் நின்றுவிடும். சுவீடனின் தண்டவாளம் பிரான்சில் உள்ள அகலம். பின்லாந்தின் தண்டவாளம் ரஷ்ய அரசர் காலத்தில் போட்டது, அகலம் அதைவிடக் கூட. அதனால் சுவீடன் அகலத்தில் ஒரு பாதையை பின்லாந்துக்கு உள்ளே கொண்டுபோகத் திட்டம். பாரிசில் எங்கள் அலுவலகத்திலிருந்து நான்கு பேர் அளவெடுக்க வந்திருக்கிறோம். அவ்வளவுதான் என் வேலை.

"ஆமிக்குத் தண்டவாளம் போடுற பிள்ளை இந்த வீட்டுப் படி ஏறத் தேவையில்லை" என்றீர்கள். ஒன்பது வயதில் பாரிசுக்கு வந்த என்னை, மொழி தெரியாமல் அழுதுகொண்டிருந்த என்னை, லா சப்பல் பாலத்தில் தூக்கி நிறுத்தி கார் து நோர் ஸ்டேஷன் ரயில்களைக் காட்டியவர் நீங்கள். யாழ்ப்பாணத்தில் ரயில்வேயில் வேலை செய்த மனிதர். உங்களுக்கா தண்டவாளம் பிடிக்கவில்லை?

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
நிரோஜினி

*

சார்செல், பிரான்ஸ்
6 அக்டோபர் 2025

நிரோஜினிக்கு,

உன் அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசாமல் இருந்தபடியால் எழுதுகிறேன். கடிதம் கிடைத்தது. பிழை அதிகம் இல்லை.

இங்கே எல்லாம் வழக்கம்போல. ஆர்.ஈ.ஆர். ரயில் காலையில் ஒரு நாள் ஓடுகிறது, ஒரு நாள் ஓடுவதில்லை. கடைக்குப் பிந்திப் போனால் முதலாளி ஒன்றும் சொல்வதில்லை, சுவர் மணிக்கூட்டைப் பார்ப்பான். அவன் பெயர் உதயன், என்னிலும் பத்து வயது குறைவு. உன் அம்மா வாயைக் கட்டாமல் அவனிடம் உன் வேலையைப் பற்றிச் சொல்லிவிட்டாள். இப்போது வெங்காயம் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம், "அண்ணையின்ரை மகள் நேட்டோவுக்கு ரயில் விடுறா" என்று சொல்கிறான். சிலர் கை கொடுக்கிறார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அரிசி மூட்டைப் பக்கம் போய்விடுகிறேன்.

நீ உதவி வரும் என்று எழுதுகிறாய். அந்த நாட்டுக்காரர் பயத்தில் சேர்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் அப்படி ஒரு பெரிய நாடு இருந்தால் நானும் பயப்படுவேன், அதை நான் பிழை சொல்லவில்லை. ஆனால் பாதுகாப்புக்கு என்று இரும்பில் கை வைத்தால் அது எங்கே போய் முடியும் என்று வைத்தவனுக்குத் தெரியாது. படித்த பிள்ளை நீ. பாரிசில் மெட்ரோ இருக்கிறது, திராம் இருக்கிறது. வேறு வேலை கிடைக்காதா?

குளிருக்குக் காலுறை இரண்டு சோடி போடு.

அப்பா

*

தோர்னியோ
9 நவம்பர் 2025

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டினேன். ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது என்ற தைரியம்தான். காலுறை மூன்று சோடி போடுகிறேன்.

இன்று முதல்முறையாக இரண்டு அகலத்தையும் ஒரே இடத்தில் பார்த்தேன். ஆற்றுப் பாலத்தில் நாலு தண்டவாளமும் ஒன்றுக்குள் ஒன்றாகப் போகின்றன. வித்தியாசம் எண்பத்தொன்பது மில்லிமீட்டர், என் உள்ளங்கை அகலம். இதற்காக ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள சாமானை இறக்கி, மற்ற ரயிலில் ஏற்ற வேண்டும். ஊரில் சிரிப்பாகவும் பேசுகிறார்கள், பயமாகவும் பேசுகிறார்கள். ரஷ்யாவோடு ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் எல்லை. இரண்டு வருடமாக மூடிக் கிடக்கிறது. கூட்டணியில் சேர்ந்த பிறகு நிம்மதியாக இருக்கிறதா என்று என்னோடு வேலை செய்யும் பிர்க்கோவைக் கேட்டேன். ஐம்பது வயதுப் பெண், பாதை மேற்பார்வையாளர், சுற்றி வளைக்காமல் பேசுவாள். "நிம்மதி இல்லை. ஆனால் இப்போது திரும்பிப் பார்த்தால் பின்னால் ஆள் நிற்கிறது" என்றாள்.

அவளுடைய அம்மா ஆறு வயதில் இந்த ஆற்றைத் தாண்டி சுவீடனுக்கு ஓடியவராம். 1944இல். வடக்கே ஜெர்மன்காரர் ஊர்களை எரித்தபோது, சனம் மாடுகளையும் ஓட்டிக்கொண்டு இந்தப் பக்கத்தால்தான் போயிருக்கிறது.

நேற்று வரைபடக் கூட்டம். இராணுவத்திலிருந்து ஒரு மேஜர் வந்திருந்தார். டாங்கி இறக்கும் மேடைக்கு இடம் போதாது என்று பயணிகள் பிளாட்போமை வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். "அது பிறகு பார்க்கலாம்" என்றார்கள். எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது, ஆனாலும் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்பா, "இரும்பில் கை வைத்தவனுக்குத் தெரியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் கை வைத்தது? எனக்குச் சொல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது. எழுதுங்கள்.

நிரோஜினி

*

சார்செல்
30 நவம்பர் 2025

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். இது நாலாவது. உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். அவள் "எழுதத்தான் வேணும்" என்றாள்.

நான் ரயில்வேயில் தண்டவாளப் பகுதியில் சேர்ந்தபோது எனக்கு இருபது வயது. அடுத்த வருடம், 1990இல், வடக்குக்கு ரயில் நின்றது. அதற்குப் பிறகு ஒரு நாள் ஆயுதத்தோடு இயக்கத்து ஆட்கள் வந்தார்கள். பங்கருக்குத் தண்டவாள இரும்பும் அதற்குக் கீழே கிடக்கும் சிலிப்பர் கட்டையும் வேண்டும் என்றார்கள். "கழட்டத் தெரிஞ்சவன் ஆர்?" என்று கேட்டார்கள். நான் கையைத் தூக்கினேன். ஒருவரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. சனத்துக்குப் பாதுகாப்பு என்று நம்பித்தான் தூக்கினேன். மற்றப் பக்கத்து ஆமிக்காரரும் தங்கள் இடங்களில் அதே இரும்பை அதே வேலைக்கு எடுத்தார்கள். ஆனால் சாவகச்சேரிப் பகுதியில் கழற்றியது என் கை.

ஐந்து வருடம் கழித்து, ஆமி நெருங்கி வர, யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டது. நீ பத்து மாதக் குழந்தை. மழைக்குள் நடந்து சாவகச்சேரி ஸ்டேஷன் பிளாட்போமில் படுத்தோம், மூன்று நாள். உனக்குக் காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது. கீழே பார்க்கிறேன், தண்டவாளம் இருந்த இடத்தில் புல். வவுனியா ஆசுபத்திரிக்கு ரயிலென்றால் சில மணித்தியாலம். நாங்கள் உன்னைக் கொண்டுபோய்ச் சேர்க்க பன்னிரண்டு நாள் எடுத்தது.

உன் இடது காது பிறவியிலேயே கேட்காது என்று உனக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். பிறவியில் இல்லை. அந்தக் காய்ச்சலில் போனது.

நீ சாப்பாட்டு மேசையில் "பாதுகாப்புக்குத்தானே அப்பா" என்றாய். நான் அன்று சொன்ன அதே சொல். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உன்னில் கோபமில்லை.

அப்பா

*

தோர்னியோ
18 ஜனவரி 2026

அன்புள்ள அப்பா,

பதில் எழுத ஆறு கிழமை பிந்திவிட்டேன். ஒன்றும் மறைக்காமல் சொல்கிறேன், முதலில் எனக்குக் கோபம் வந்தது. காதுக்காக இல்லை. பள்ளிக்கூடத்தில், வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில், எத்தனை படிவத்தில் 'பிறவியில்' என்று எழுதியிருப்பேன். அத்தனை தடவையும் நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அது என்னுடைய கதை அப்பா. என்னிடம் தந்திருக்க வேண்டும்.

பிறகு எஞ்சினியராக யோசித்தேன். பாதை இருந்திருந்தாலும் 95இல் வவுனியாவுக்கு ரயில் போயிருக்காது. நடுவில் சண்டை. இது எனக்குத் தெரிகிறதென்றால் உங்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டும் முப்பது வருடம் அந்தப் புல்லையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். தயவுசெய்து போதும்.

மூன்றாவதாக வேறு ஒன்று நடந்தது. கடந்த செவ்வாய்க்கிழமை மறுபடியும் வரைபடக் கூட்டம். அதே மேஜர். டாங்கி எத்தனை, பெட்டி எத்தனை, இறக்க எத்தனை மணித்தியாலம் என்று எல்லாம் எழுதியிருந்தது. நான் எழுந்து கேட்டேன்: "ஆட்களை ஏற்றிக்கொண்டு வெளியே போக எத்தனை மணித்தியாலம்?" அந்தக் கணக்கை யாரும் போட்டிருக்கவில்லை. ஒரு குழந்தை மூன்று நாள் காய்ச்சலோடு ஒரு பிளாட்போமில் கிடந்த கதையைச் சொன்னேன். அந்தக் குழந்தை நான்தான் என்று சொல்லவில்லை. ஆனால் ஓரிடத்தில் வாய் தவறி 'என் அப்பா' என்றுவிட்டேன், அவர்களுக்கு விளங்கியிருக்கும். பிர்க்கோ தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். அந்த மேஜர் பேனையைத் திறந்து வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு, "நோயாளிகளைக் கட்டிலோடு ஏற்ற வேண்டுமென்றால் மேடை எவ்வளவு உயரம் வேண்டும்?" என்று கேட்டார்.

டாங்கி மேடையைச் சற்றுத் தள்ளி வைத்திருக்கிறோம். இருநூறு மீட்டர் பயணிகள் பிளாட்போம் வரைபடத்தில் ஏறிவிட்டது. இன்னும் மேலிடத்து ஒப்புதல் வர வேண்டும், கட்டி முடிக்கப் பல வருடம் ஆகும். ஆனாலும் கோடு போட்டாகிவிட்டது. போட்டது நான்.

வேலையை விடச் சொன்னீர்கள். விடமாட்டேன். ஆமி வருகிற பாதை எப்படியும் போடத்தான் போகிறார்கள். போடுகிற இடத்தில் இப்படிக் கேட்கிற ஆள் ஒன்று இருக்கட்டும்.

மார்ச் மாதம் இங்கே வெளிச்சம் வந்துவிடும். வாருங்கள். உங்களுக்குப் பிளேன் பிடிக்காது, தெரியும். ரயிலிலேயே வரலாம். ஹம்பேர்க், கொப்பன்ஹேகன், ஸ்டாக்ஹோம், பிறகு எல்லை வரை ஒரே நேராக வடக்கு. கடைசி ஸ்டேஷன் ஹபரண்டா. நான் இருப்பது ஆற்றுக்கு இந்தக் கரை.

அன்புடன்,
நிரோஜினி

*

ஹபரண்டா ஸ்டேஷன், சுவீடன்
21 மார்ச் 2026

என் பிள்ளை நிரோஜினிக்கு,

இந்தக் கடிதத்துக்கு முத்திரை ஒட்டவில்லை. கையில் தருவேன்.

பாரிசிலிருந்து மூன்றாம் நாள். உதயன் ஒரு கிழமை விடுமுறை தந்தான். "அண்ணை, போட்டோ எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றான். உன் அம்மா கட்டித் தந்த புட்டு கொப்பன்ஹேகனோடு முடிந்தது. ரயிலில் ஒரு பெட்டி முழுக்கப் பட்டாளத்துப் பொடியள், பயிற்சிக்குப் போகிறார்கள். பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். எழும்பி வேறு பெட்டிக்குப் போவோமா என்று யோசித்தேன். பக்கத்தில் இருந்த ஒருத்தி தூங்கித் தூங்கி என் பையில் சாய்ந்துவிட்டாள். இருபது வயது இருக்கும். பையை இழுக்க மனம் வரவில்லை. அப்படியே இருந்தேன். இறங்கும்போது அவள் வெட்கப்பட்டு ஏதோ சொன்னாள், எனக்கு விளங்கவில்லை. "பத்திரமாப் போயிட்டு வா பிள்ளை" என்றேன், அவளுக்கும் விளங்கியிராது.

நீ எழுதிய மூன்றும் சரி. முதலாவது, உன் காதுக் கதை. உன்னுடையதை உன்னிடம் தராமல் வைத்திருந்தது பிழை, மன்னிப்புக் கேட்கிறேன். இதை வாயால் சொல்ல வராது என்றுதான் கடைசி நிமிடத்தில் ஸ்டேஷன் வாங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் ஆறு மணி ரயிலில் வருவதாக உனக்குச் சொல்லியிருந்தேன். முந்தின ரயிலில் வந்துவிட்டேன். இனி ஆற்றைத் தாண்டி நடக்க வேண்டியதுதான். வெளியே நல்ல வெயில், பனியைப் பார்க்கக் கண் கூசுகிறது. கொஞ்சத் தூரம்தான் என்று இங்கே ஒரு பெண் கையைக் காட்டினாள்.

இன்னும் சண்டை இருந்தால் நேரில் பிடிப்போம். தேத்தண்ணீர் வை.

அப்பா