மேடையில் கூப்பிட்ட பெயர்

திருவிடந்தை குப்பம்,
தை மாதம்.

என் வீட்டுக்காரருக்கு ஆதியம்மாள் எழுதிக்கொள்வது. நானும் தேவிப்பிரியாவும் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்காருகிறேன். வீட்டில் 'யோவ்' என்று கூப்பிட்டவள் தாளில் 'நீங்கள்' என்கிறாளே என்று சிரிக்காதீர்கள். சிறைக்குப் போகிற கடிதம், நாலு பேர் பிரித்துப் பார்ப்பார்கள், மரியாதையாக எழுது என்று உங்கள் மகள் உத்தரவு போட்டிருக்கிறாள்.

முதலில் தீனா விஷயம். உங்களோடு அந்த வளைகுடா முதலாளியின் படகில் வேலைக்குப் போய், எல்லை தாண்டியதாக உங்களோடு பிடிபட்டவன் விடுதலையாகி வந்துவிட்டான். விமான நிலையத்தில் அவனுக்கு மாலை போட்டார்கள். நான் அவன் தோளுக்குப் பின்னால் உங்கள் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். விடுவேனா? வீட்டுக்கே போய்ப் பிடித்துக்கொண்டேன். "அண்ணாத்தைக்கு ஜுரம் அண்ணி. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனாங்க. அப்பால திரும்பி இட்டாரல. கேட்டா வாய மூடுன்றானுங்க" என்று சொல்லிவிட்டு அழுதான். ஜுரம்தானே, அதற்கு ஏன் அழுகிறாய் என்று அதட்டிவிட்டு வந்தேன்.

அந்த ஆஸ்பத்திரி எது என்று சொல்லத்தான் இங்கே ஆள் இல்லை. உங்கள் வழக்கைப் பார்த்து, இந்தக் கடிதங்களையும் வாங்கி அனுப்புகிற வக்கீலைக் கேட்டால் விசாரிக்கிறோம் என்கிறார். செங்கல்பட்டில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்குப் போய்ப் போய், வாசலில் டீ விற்கிறவருக்கு நான் சொந்தக்காரி மாதிரி ஆகிவிட்டேன். தேவிக்கு மனு மனப்பாடம். மைக்கைக் கொடுத்தால் போதும், உங்கள் பெயர், தாத்தா பெயர், ஊர், தொழில் என்று மூச்சு விடாமல் சொல்லிவிடுவாள்.

இப்போது நல்ல சேதி. மாமல்லபுரம் போகிற வழியில் கடலோரம் ஒரு சொகுசு விடுதி கட்டினார்களே, நாம் வலை காயப்போட்ட இடம் போச்சு என்று நீங்கள் திட்டித் தீர்த்தீர்களே, அங்கே ஆர்க்கெஸ்ட்ரா வைக்கிறார்கள். திருவிழாவில் சினிமாப் பாட்டு பாடுகிற கோஷ்டி என்று நினைத்து நானும் சரி என்றேன். இது வேறாம். ஆளுயரப் பிடில், பித்தளைக் குழல், பெரிய பெரிய முரசு என்று ஒரு கூட்டமே உட்கார்ந்து வாசிக்குமாம். பாட்டே கிடையாது. எல்லாம் வானத்தைப் பற்றிய இசை. ஒவ்வொரு வாசிப்புக்கும் நடுவில் ஒருவர் வந்து கவிதையைப் பேசுகிற மாதிரி சொல்லவேண்டும். கல்லூரிகளில் போட்டி வைத்து ஆள் எடுத்தார்கள். உங்கள் மகளை எடுத்துவிட்டார்கள்!

சிநேகா என்று ஒரு சென்னைப் பெண்தான் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்கிறாள். நம் வீட்டுக்கே வந்து கருவாட்டு வாடைக்கு மூக்கைச் சுளிக்காமல் உட்கார்ந்து பேசினாள். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் மனுஷக் குரலையும் பாட்டையும் ஒரு தட்டில் பதிந்து விண்கலத்தில் வைத்து அனுப்பினார்களாம். அது இன்னும் போய்க்கொண்டே இருக்கிறதாம். யாராவது கேட்பார்களா என்றால் தெரியாதாம். பதில் வருமா என்றால் அதுவும் தெரியாதாம். இதையே படித்தவர்கள் செய்தால் விஞ்ஞானம், நான் உங்களுக்குக் கடிதம் போட்டால் மட்டும் பக்கத்து வீட்டுப் பொன்னி என்னைப் பைத்தியம் என்கிறாள். தேவியின் கவிதையும் அதைப் பற்றித்தான். தூரத்தில் போய்க்கொண்டிருக்கிற ஒருவருக்கு வீட்டிலிருந்து ஒரு பெண் பேசுகிறாள்.

நான் சொல்ல வந்தது வேறு. கச்சேரிக்குச் சிறப்பு விருந்தினராக வருகிறவர், நீங்கள் இருக்கிற அதே நாட்டில் நம் தூதராக இருந்து ஓய்வு பெற்றவர். சிநேகா பேச்சுவாக்கில் சொன்னதும் குப்பத்துப் பஞ்சாயத்தை நடத்துகிற நம் நாட்டார் அப்பாசாமியிடம் ஓடினேன். அவர் யோசிக்கவே இல்லை. "மேடைல பேச வுடறாங்க இல்ல? அங்கியே மனுவப் படிச்சிடச் சொல்லு. அவ்ளோ பெரிய மனுசன் எதுருக்க குந்திகினு கீறாரு, இன்னாத்துக்கு யோசிக்கிற?" என்றார். தேவி முதலில் தயங்கினாள். பிறகு, கவிதை முடிந்த கையோடு சொல்லிவிடுகிறேன் என்றாள்.

ஜுரம் விட்டிருந்தால் கஞ்சி கேட்டு வாங்கிக் குடியுங்கள். உங்களுக்குத்தான் எதையும் கேட்டு வாங்க வெட்கமாயிற்றே. அந்த அம்மன் உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆதியம்மாள்.


திருவிடந்தை குப்பம்,
தை மாதக் கடைசி.

என் வீட்டுக்காரருக்கு, ஆதியம்மாள் எழுதுவது. கச்சேரி முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், கோபப்படாமல் படியுங்கள்.

நம் குப்பத்துப் பெண்களுக்கும் சீட்டு கொடுத்திருந்தார்கள். கட்டின புடவையை மாற்றிக்கொண்டு இருட்டுகிற நேரத்துக்கு ஒரு வேன் நிறையப் போனோம். கடைசி வரிசை. எங்களுக்கும் மேடைக்கும் நடுவில் சென்னையே உட்கார்ந்திருந்தது. மேடைக்குப் பின்னால் கடல். வானம் தெரியவேண்டும் என்று விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டார்கள். வாசிக்கிறவர்களின் தாளுக்கு மேல் மட்டும் சின்னச் சின்ன வெளிச்சம். வெள்ளைக்காரர் ஒருவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குச்சியை ஆட்டினார். அந்த ஆளுயரப் பிடில்கள் எல்லாம் சேர்ந்து அடிக்குரலில் ஒரே சத்தத்தை இழுத்தன. தூரத்தில் படகு எஞ்சின் கேட்கிற மாதிரி இருந்தது. நான் என்னை அறியாமல் எழுந்துவிட்டேன். பொன்னி கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

தேவி மூன்றாவதாக வந்தாள். என் கல்யாணப் புடவை கட்டியிருந்தாள். கவிதையைத் தடுமாறாமல் சொன்னாள். வானத்தில் போகிறவரே, நம் வீட்டு விளக்கு அங்கிருந்து தெரிகிறதா என்று கேட்கிற கவிதை. அது முடிந்ததும் வாத்தியம் ஆரம்பிக்க வேண்டும். வெள்ளைக்காரர் குச்சியைத் தூக்கிவிட்டார். இவள் நிறுத்தவில்லை. கலெக்டர் ஆபீசில் சொல்கிற அதே குரலில் ஆரம்பித்தாள். பெயர் காத்தவராயன். தகப்பனார் பெயர் முனுசாமி. ஊர் திருவிடந்தை குப்பம். தொழில் மீன்பிடி. அடையாளம், வலது மணிக்கட்டில் தூண்டில் முள் கிழித்த வடு. கடைசியாகக் கண்டது, ஜுரத்தோடு கொண்டுபோனபோது. மேற்படி நபரின் மகளாகிய நான் பணிந்து கேட்டுக்கொள்வது என்னவென்றால், என்கிற வரைக்கும் வந்தாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, கடல் பக்கம் திரும்பி, "நைனா!" என்று கத்தினாள்.

அவ்வளவுதான். எங்களுக்கு வேறென்ன தெரியும்? படகு வரத் தாமதமானால் கரையில் நின்று என்ன செய்வோமோ அதைத்தான் செய்தோம். பொன்னி முதலில் எழுந்தாள், பிறகு எல்லாரும். தண்ணீரைப் பார்த்து, வாயில் கையைக் குவித்து, உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம். நானும் கூப்பிட்டேன். உங்கள் பெயரை நான் வாய்விட்டுச் சொல்வது கரையில் நின்று கூப்பிடும்போது மட்டும்தானே. நெஞ்சு வலிக்கிற வரைக்கும் கூப்பிட்டேன். அந்த வெள்ளைக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு முரசுக்காரர்களுக்குக் குச்சியைக் காட்டினார். எங்கள் குரலுக்குக் கீழே முரசுகள் உருண்டன.

நாங்கள் ஓய்ந்ததும் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கை தட்டியது. நிறுத்தவே இல்லை. எனக்கு முன்னால் இருந்த அம்மாள் திரும்பி என் கையைப் பிடித்து, எத்தனை நாள் பயிற்சி எடுத்தீர்கள் என்று கேட்டாள். கண்ணெல்லாம் ஈரம் அவளுக்கு.

தேவி மனுவை எடுத்துக்கொண்டு, தூதராக இருந்த அந்தப் பெரியவரிடம் ஓடினாள். அவரைச் சுற்றி ஆளாளுக்கு நிகழ்ச்சித் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். இவளைப் பார்த்ததும் கூப்பிட்டுத் தலையில் கை வைத்தார். அப்படியே நிஜம் மாதிரி இருந்ததம்மா என்றார். நிஜந்தாங்க ஐயா என்றாள் இவள். எழுதுகிறவர்களுக்கு அப்படித்தான் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, அவள் நீட்டிய மனுவை வாங்கி, பின்பக்கம் திருப்பி, வாழ்த்துகள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இவள் மறுபடி வாயைத் திறப்பதற்குள் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அழாதே என்று சொன்னால் கேட்கிற பெண்ணா அவள்? உங்கள் மகள்தானே. வேனில் வரும்போது சிநேகா கூட ஏறிக்கொண்டாள். தேவி அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுவிட்டு அந்தப் பெண்ணும் அழுதாள். போட்டிக்கு அனுப்பிய கவிதையில் அப்பா என்ற வார்த்தையே இல்லையே, ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டாள். நாளைக்கே அந்தப் பெரியவரிடம் பேசுகிறேன் என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இனி நல்ல சேதிதான் எழுதுவேன்.

இப்படிக்கு,
ஆதியம்மாள்.


திருவிடந்தை குப்பம்,
மாசி மாதம்.

உங்களுக்கு, ஆதியம்மாள். இனிமேல் கடிதம் கொண்டுவர வேண்டாம் அம்மா என்று வக்கீல் சொல்லிவிட்டார். எங்கே அனுப்புவது என்று தெரியாமலேதான் எழுதுகிறேன்.

சிநேகா சொன்னபடி அந்தத் தூதரிடம் பேசினாள். அவரும் பதறித்தான் போனாராம். மன்னிப்புக் கேட்டு தேவிக்குப் போன் செய்தார். அங்கே பழைய ஆட்களைப் பிடித்து விசாரித்தும் இருக்கிறார். சிறையில் இல்லை, ஆஸ்பத்திரியிலும் இல்லை, அந்தச் சமயத்தில் ஜுரம் கண்ட கைதிகளில் சிலரை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள், யார் எவர் என்று சொல்ல ஆள் இல்லை, குடும்பத்தை மனசைத் தேற்றிக்கொள்ளச் சொல்லுங்கள் என்று பதில் வந்ததாம். தேவி இதை என்னிடம் சொல்லிவிட்டு, அன்றைக்குக் கல்லூரிக்குப் போகாமல் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு திருக்கழுக்குன்றம் சந்தைக்குப் போனேன். விலை கூடின வஞ்சிரத்தை மலிவான சங்கரா விலைக்குக் கூவினேன் என்று பொன்னி சொன்னாள். எனக்கு நினைவில்லை.

அதற்கப்புறம் அப்பாசாமி பஞ்சாயத்தாரோடு வந்தார். தீனாவும் கூட வந்து வாசலிலேயே நின்றுகொண்டான். "இன்னும் எத்தினி நாளிக்குத்தான் இப்பிடியே இருப்ப? மாசி மகம் முடியட்டும், காரியத்த செஞ்சிடலாம். அவன் ஆத்துமா அலையக் கூடாது இல்ல?" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அமாவாசைக்கு நாள் குறித்திருக்கிறது. நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

காரியம் முடிந்தால் நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். தாலி போகட்டும், அது தங்கம்தானே. ஆனால் செத்தவர் பெயரைச் சொல்லிக் கடலைப் பார்த்துக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் கடலில் இருக்கிற மற்றவர்களுக்கு ஆகாது. அந்த நாளுக்கு அப்புறம் நான் கரையில் நின்று வாயைத் திறந்தால் பொன்னியே என் வாயைப் பொத்துவாள். அவள் மகனும் கடலுக்குத்தானே போகிறான். வீட்டுக்குள் உங்கள் பெயரை நான் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. அப்புறம் எங்கேதான் சொல்வது?

இதற்கு நடுவில் சிநேகா வந்தாள். கேட்கவே தயங்கினாள், பாவம். அந்தக் கச்சேரியைப் பங்குனியில் பெங்களூரிலும் வைக்கிறார்களாம். தேவியும் வேண்டுமாம், அந்தக் கூப்பிடுகிற பெண்களும் வேண்டுமாம், அது இல்லாமல் நிறைவாக இருக்காது என்று வெள்ளைக்காரர் சொல்கிறாராம். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள் அக்கா என்றாள். தேவி எழுந்து உள்ளே போய்விட்டாள். இனி இந்த ஜென்மத்தில் மைக்கைத் தொடமாட்டேன் என்கிறாள். பொன்னி காறித் துப்பினாள். "நம்ம வூட்டு எழவு இவங்களுக்குக் கச்சேரியா?" என்றாள்.

நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். யாரும் வராவிட்டாலும் நான் மட்டும் வருகிறேன் என்றேன். தேவி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். புத்தி கெட்டுவிட்டது என்று குப்பத்தில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். அமாவாசைக்கு அப்புறம் உங்கள் பெயரை நான் கூவ முடிகிற இடம் அது ஒன்றுதான். அங்கே யாரும் என் வாயைப் பொத்தமாட்டார்கள்.

பெங்களூரில் கடல் இல்லை என்று எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் திரும்பிக் கூப்பிடுவது என்று சிநேகாவிடம் கேட்டேன். ஜனங்களைப் பார்த்து நில்லுங்கள் அக்கா என்றாள்.

யோவ், இனிமேல் 'நீங்கள்' எல்லாம் எதற்கு? யார் பிரித்துப் படிக்கப் போகிறார்கள்? நான் கூப்பிட்டு முடித்ததும் எல்லாரும் எழுந்து கை தட்டுவார்கள். பெரிய சத்தமாக இருக்கும். அதற்கு நடுவில் நீ குரல் கொடுத்தால் எனக்குக் கேட்காமல் போய்விடும். கொஞ்சம் சத்தமாகவே கொடு.

உன்
ஆதியம்மா.